குற்றியா, மாந்தனா?

பொறிகளைப் புகழ்ந்து பாடுவோர் கூட்டம் பெருகிவிட்டது. நாற்சந்தி விளக்குக் கம்பம் முதல் ஓட்டுநரின்றி ஓடும் மகிழுந்து வரை அனைத்தையும் இனிப் பொறியறிவே ஆளும் என்கின்றனர். மாந்தன் களைப்படைவான், குடிப்பான், உறங்குவான், சினங்கொள்வான். பொறியோ இவற்றுள் ஒன்றும் அறியாது. ஆகலின் தெருவைப் பொறியின் கையில் ஒப்படைத்துவிட்டு வாளா இருங்கள் என்று நமக்கு அறிவுரையும் கூறுகின்றனர். இவ்வுரைக்குத் தலையாட்டுமுன் ஒரே ஒரு வினாவை நாம் எழுப்பியாக வேண்டும். தெருவைப் பார்க்கும் அப்பொறிக்கு, அது பார்ப்பது இன்னதென்று பெயர் சொல்லிக் கொடுத்தவர் யார்?

இதனை வெறுஞ் சொல்லாராய்ச்சி என எள்ளி நகையாடுவோர் இருக்கலாம். அன்பர்களே, பெயர் தவறியதனால் ஓர் உயிர் போன வரலாறு உண்டு. அதனைச் சொல்லுமுன், அப்பொறியின் அறிவு எத்தன்மையது என்பதைச் சுருங்கக் காண்போம்.

ஆழ்கற்றல் என்று சொல்லப்படுவது, மாந்த மூளையின் நரம்பணுக்களைப் பார்த்து மிக எளிமைப்படுத்தி அமைத்த ஒரு கணக்கு வலை. அவ்வலை அடுக்கடுக்காய் அமைந்தது. ஒளிப்படக்கருவி தரும் படம் முதலடுக்கில் நுழையும். ஒவ்வோர் அடுக்கும் தன்னிடமுள்ள எடைகளாற் பெருக்கிக் கூட்டி, விளைவை அடுத்த அடுக்கிற்குத் தள்ளும். இறுதியடுக்கில் 'இது வண்டி', 'இது மரம்', 'இவர் ஆள்' என்று ஒரு பெயரும், அப்பெயரின் உறுதி இவ்வளவு என்று ஓர் எண்ணும் வெளிவரும். பெயர் பிழைத்தால், பிழையின் அளவைப் பின்னோக்கி அனுப்பி எடைகளைத் திருத்துவர். உரூமல்கார்ட்டு, இன்டன், வில்லியம்சு ஆகிய மூவரும் 1986-இல் வெளியிட்ட கட்டுரை இம்முறையைப் பரப்பியது. 2012-இல் தொரன்றோ பல்கலைக்கழகத்தார் அமைத்த வலையொன்று, படங்களை ஆயிரம் வகைகளாகப் பிரித்துப் பெயரிடும் போட்டியில் 15 விழுக்காட்டளவே பிழைபட்டு வென்றது. அதற்கு அடுத்து நின்றதன் பிழையோ 26 விழுக்காடு. அன்று தொடங்கிய ஓட்டமே இன்று தெருவரை வந்திருக்கின்றது.

இங்கே மறக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. இப்பொறி தானாக ஒரு பெயரும் அறியாது. மாந்தர் பெயரிட்டு வைத்த பல்லாயிரம் படங்களைக் காட்டிக் காட்டியே அதனைப் பழக்குகின்றனர். பட்டியலில் உள்ள பொருளே அதற்குப் பொருள். பட்டியலில் இடம்பெறாதது, கண்முன் நின்றாலும் அதற்கு இல்லாததே. எனவே, பட்டியல் வகுப்பவன் எவனோ அவனே அப்பொறியின் கண்ணுக்கு உரியவன்.

இனி, வரலாற்றிற்கு வருவோம். 2018 மார்ச்சு 18-ஆம் நாள் இரவு பத்து மணியளவில், அமெரிக்க நாட்டு அரிசோனா மாநிலத்து டெம்பி நகரில், 49 அகவைப் பெண் ஒருவர் தம் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்தார். ஊபர் குழுமம் ஆய்வோட்டத்திற்கு விட்டிருந்த தானியங்கு மகிழுந்து அவரை மோதிக் கொன்றது. தானியங்கு ஊர்தியால் நடந்து செல்வார் ஒருவர் மாண்ட முதல் நிகழ்ச்சியாக அஃது உலகெங்கும் பேசப்பட்டது.

அமெரிக்க நாட்டுப் போக்குவரத்துக் காப்பு வாரியம் இந்நேர்ச்சியை ஆராய்ந்து 2019 நவம்பரில் முடிவு கூறியது. அவ்வாய்வு வெளிப்படுத்திய செய்திகளை ஒவ்வொன்றாய் எண்ணிப் பாருங்கள். மோதுவதற்கு 5.6 நொடி முன்னரே பொறி அப்பெண்ணைக் கண்டுகொண்டது. அப்போது வண்டியின் விரைவு மணிக்கு 71 கிலோமீட்டர் அளவு. அவ்விரைவில் 5.6 நொடி என்பது நூறு மீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. உலர்ந்த சாலையில், தடுப்பை முழுமையாய் அழுத்தினால், 30 மீட்டர் அளவில் அவ்வண்டி நின்றிருக்கும். பொறிக்குக் கண் இருந்தது, காலமும் இருந்தது. இல்லாதது யாது? பெயர்!

முதலில் 'வண்டி' என்றது. பின் 'வேறு பொருள்' என்றது. பின் மீண்டும் 'வண்டி' என்றது. பின் 'மிதிவண்டி' என்றது. இவ்வாறு மாறி மாறிப் பெயரிட்டுக்கொண்டே விரைந்து சென்றது. 'ஆள்' என்று மட்டும் அது சொல்லவேயில்லை. கடவைக் கோடு இல்லாத இடத்திலும் மக்கள் சாலையைக் கடப்பர் என்பதை அப்பொறியை வகுத்தவர் கருத்திற் கொள்ளவில்லை என்று வாரியம் எழுதியது. இதனினுங் கொடியது ஒன்றுண்டு. பெயர் மாறுந்தோறும், அதுவரை அவ்வுருவம் சென்ற வழியைப் பற்றிய நினைவனைத்தையும் பொறி துடைத்தெறிந்தது. ஒவ்வொரு பெயர்க்கும் அஃது ஒரு புதுப்பொருளாயிற்று. புதுப்பொருள் எத்திசையில் நகர்கின்றது என்பதைப் பொறி எங்ஙனம் அறியும்? ஆகவே, தன் வழியின் குறுக்கே ஓர் உயிர் நடந்து வருகின்றது என்பதை மோதலுக்கு 1.2 நொடி முன்புதான் அது துணிந்தது. அதன் பின்னும், வீணான நிறுத்தங்களைத் தவிர்த்தற்பொருட்டு ஒரு நொடி வாளாவிருக்கும்படி அதற்குக் கட்டளையிட்டிருந்தனர். அந்நொடியும் கழிந்தது, உயிரும் போயிற்று.

இவ்விடத்தில் நம் தொல்காப்பியரை நினையாதிருக்க இயலவில்லை. சொல்லதிகாரத்தின் முதலியலாகிய கிளவியாக்கத்தில் அப்பெருமகனார் ஐயத்திற்கென்றே நெறி வகுத்தார். தொலைவில், மங்கிய ஒளியில், ஓர் உருவம் தோன்றுகின்றது. அது நடப்பட்ட மரக்குற்றியோ, நிற்கும் மாந்தனோ என்று துணியக் கூடவில்லை. அந்நிலையில் எவ்வாறு பேசுவது? உயர்திணைச் சொல்லால் துணிந்து கூறவும் கூடாது. அஃறிணையென்று தள்ளிவிடவும் கூடாது. இரு திணைக்கும் பொதுவாக 'உருவம்' என்னும் பொருள்படும் சொல்லால் அதனைச் சுட்டுக என்றார். உரையாசிரியர்கள் குற்றியையும் மாந்தனையும் எடுத்துக்காட்டி இதனை விளக்கினர். இந்நெறியின் நுட்பத்தை ஓர்ந்து பார்மின்! பெயர் ஐயத்திற்குரியது, ஆயினும் அங்கே நிற்கும் ஒன்று ஐயத்திற்குரியதன்று. பெயர் துணியும் வரை, அவ்வொன்றைக் கைவிடாது சுட்டிக்கொண்டே இருத்தல் வேண்டும். ஐயம் தெளியும்வரை அது மாந்தனாகவும் இருக்கலாம் என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

பல நூற்றாண்டுகட்கு முன்னர் ஒரு மொழிநூலாசிரியன் வகுத்த இந்நெறியை, கோடி கோடியாய்ப் பணங்கொட்டிப் பொறி செய்தவர் மறந்தனர். பெயர் மாறினாலும் உருவத்தின் பழைய இயக்கத்தை மறவாதபடி அப்பொறியைப் பின்னர்த் திருத்தினர், எப்போது? ஓர் உயிரைப் பலிகொண்ட பின்னர்! தொல்காப்பியர் தானியங்கு மகிழுந்தைக் கண்டார் என்று யாம் பிதற்றவில்லை. அத்தகைய பெருமைப் பேச்சு நமக்கு வேண்டா. ஐயுற்ற இடத்தில் எவ்வாறு ஒழுகுவது என்பது அறிவின் அடிப்படை. அவ்வடிப்படையை எம்மொழியினரும் அறிதல் கூடும். அறிந்தும் பொருட்படுத்தாது விட்டனர் என்பதே எம் குற்றச்சாட்டு.

இனி, தண்டம் பெற்றவர் யார் என்று பாருங்கள். வண்டியுள் மேற்பார்வைக்கென ஒரு பெண் அமர்ந்திருந்தார். அவர் கைப்பேசியில் காட்சி பார்த்துக்கொண்டிருந்தார் என்பதும், அவர்தம் ஓர்மையின்மையையே வாரியம் முதற்கரணியமாகக் கூறியது என்பதும் உண்மை, மறுக்கவில்லை. ஆயின் அதே வாரியம், குழுமத்தின் காப்புநெறிக் குறைபாட்டையும், மேற்பார்வையாளரைக் கண்காணியாத குறையையும், மாநில அரசின் மேற்பார்வைக் குறைவையும் சேர்த்தே எழுதியது. வண்டிக்கு இருவர் என்றிருந்த மேற்பார்வையாளரை 2017-இல் ஒருவராகக் குறைத்தது யார்? அவ்வண்டியைச் செய்த வோல்வோ குழுமம் அதனுள் வைத்திருந்த மோதல்தடுப்பு அமைப்பை, பொறி ஓட்டும்போது செயற்படாதபடி நிறுத்தி வைத்தது யார்? குழுமமன்றோ! எனினும் 2019 மார்ச்சில், குழுமத்தின்மீது குற்ற வழக்குத் தொடுக்க அடிப்படையில்லை என்று அரசு வழக்குரைஞர் கூறிவிட்டார். கூலிக்கு அமர்ந்த பெண்ணின்மீது 2020-இல் வழக்குத் தொடுத்தனர். 2023-இல் அவர் குற்றத்தை ஒப்பி, மூன்றாண்டு கண்காணிப்புத் தண்டம் பெற்றார். பட்டியல் வகுத்தவன் எவனும் குற்றக்கூண்டில் ஏறவில்லை. மேலோன் வகுப்பான், கீழோன் சுமப்பான் என்னும் பழைய கேடு, புதுப்பொறியின் உள்ளேயும் புகுந்துகொண்டது.

"மாந்தர் ஓட்டும் வண்டிகளால் மாய்வோர் எண்ணற்றோர், ஒரு நேர்ச்சியைக் காட்டி அறிவியலைத் தடுக்கலாமா?" என்று கேட்பர். நல்ல வினா, நேரே விடை கூறுவோம். உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் உலகச் சாலைகளில் மாண்டோர் ஏறத்தாழ 11 இலக்கத்து 90 ஆயிரம் பேர். அவருள் பாதிக்கு மேற்பட்டோர் நடந்து சென்றோரும், மிதிவண்டியிலும் ஈருருளியிலும் சென்றோருமே. இந்திய ஒன்றியத்தில் 2022-இல் மாண்டோர் 1,68,491 பேர். அவருள் நடந்து சென்றோர் 32,825 பேர். தமிழ்நாட்டில் மட்டும் அவ்வாண்டு மாண்டோர் 17,884 பேர். இவ்வெண்கள் நம் நெஞ்சைச் சுடுகின்றன. சாவைக் குறைக்கும் பொறி வருமாயின் இருகை நீட்டி வரவேற்போம். ஆயின், எவர் மிகுதியாய் மடிகின்றனரோ அவரைக் காணமாட்டாத பொறியால் எவர் சாவு குறையும்? நடப்பவனைக் காணாத கண், நடப்பவன் சாவை எவ்வாறு தடுக்கும்?

இது வீணான அச்சம் அன்று. இலண்டன் கிங்சு கல்லூரியைச் சேர்ந்தார் உள்ளிட்ட ஆய்வாளர் 2023-இல், நடப்போரைக் கண்டறியும் எட்டு அமைப்புகளை ஆராய்ந்தனர். பெரியவர்களைக் கண்டறிந்த அளவைவிடச் சிறுவர்களைக் கண்டறிந்த அளவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைவு என்று கண்டனர். பள்ளிவிட்டுத் துள்ளி ஓடிவரும் பிள்ளை, அப்பொறிக்கு அரைகுறையாகவே தோன்றும்! 2017-இல் வோல்வோ குழுமத்தார் ஆத்திரேலியாவில் தம் பொறியை ஆய்ந்தபோது, கங்காரு அதனைத் திகைக்க வைத்தது. சுவீடன் நாட்டுப் பெருமானைக் கண்டு பழகிய பொறிக்கு, தாவித் தாவிச் செல்லும் விலங்கின் தொலைவை அளக்கத் தெரியவில்லை. கங்காரு தாவி மேலெழும்போது தொலைவில் உள்ளதாகவும், நிலத்தில் இறங்கும்போது அண்மையில் உள்ளதாகவும் அது மயங்கிற்று. ஒரு நிலத்தில் கற்ற கல்வி மறு நிலத்தில் மயக்கம் தரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

நம் நிலத்திற்கும் இஃது ஒக்கும். தெருப்படங்களுக்குப் பெயரிட்ட தொகுப்புகளுள் பெரும்பெயர் பெற்ற சிட்டிசுகேப்சு 2016-இல் வந்தது. பெரும்பாலும் செருமானிய நகரங்களாக, 50 நகரத் தெருக்கள் அதில் உள்ளன. நம் தெருவில் ஓடும் தானிக்கு அதில் பெயரில்லை. நடுச்சாலையில் படுத்து அசைபோடும் மாட்டிற்கும் தனிப்பெயரில்லை. ஐதராபாத்தில் உள்ள பன்னாட்டுத் தகவல்நுட்பக் கல்வி நிறுவனத்தார் இக்குறை கண்டு, ஐதராபாத்து, பெங்களூர்ச் சாலைகளிற் படமெடுத்து, 10,004 படங்களில் 34 வகைகளைக் குறித்து வேறொரு தொகுப்பை வெளியிட்டனர். தானியும் விலங்கும் அதில் இடம்பெற்றன. சாலையின் ஓரத்து மண்தரையும், வண்டி இறங்கி ஓடக்கூடிய இடமென்று தனிவகையாயிற்று. பாராட்டத்தக்க பணி! நம் தெருவை நாமே பெயரிட்டுக் கொடாவிடின், வேற்றுத் தெருவின் பெயர்களைக்கொண்டு நம் உயிர்கள் எடை போடப்படும் என்பதை அப்பணி மெய்ப்பித்தது.

அடுத்து, விளிம்புக் கணிமை என்பதைப் பார்ப்போம். கணக்கிடும் வேலையைத் தொலைவிலுள்ள பெருங்கணிப்பொறி நிலையத்தில் வையாது, செய்தி பிறக்கும் இடத்திலேயே, அதாவது சந்தியின் கம்பத்திலோ வண்டியின் உள்ளேயோ, வைத்துக்கொள்வதே அது. இதற்குத் தக்க கரணியம் உண்டு. மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடும். படம் தொலைநிலையம் சென்று விடை மீள 0.3 நொடியாகுமெனின், அதற்குள் வண்டி 5 மீட்டர் கடந்துவிடும். அவ்வைந்து மீட்டரே வாழ்வுக்கும் சாவுக்கும் இடைவெளியாகலாம். மேலும், படம் அவ்விடத்திலேயே ஆராயப்பட்டு எண்ணிக்கை மட்டும் வெளியே செல்லுமாயின், தெருவில் நடப்போர் முகங்களைத் தொலைவில் எவனோ தொகுத்து வைக்கும் கேடும் குறையும். கம்பி அறுந்தாலும் சந்தி தன் வேலையைச் செய்யும்.

இடத்திலேயே முடிவெடுத்தலால் நன்மை விளைந்ததற்கும் சான்றுண்டு. பிட்சுபர்க்கு நகரின் ஒன்பது சந்திகளில் 2012-இல் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தார் ஒரு முறையை ஆய்ந்தனர். ஒவ்வொரு சந்தியும் தன்னை நோக்கி வரும் வண்டிகளைத் தானே கண்டு, தன் விளக்கிற்குத் தானே நேரம் வகுத்து, அண்டைச் சந்திக்கும் அறிவித்தது. அதன் கணக்கு ஆழ்கற்றலினின்றும் வேறாயினும், நெறி ஒன்றே. செல்கை நேரம் 25 விழுக்காட்டளவும், நின்று காத்திருக்கும் நேரம் 40 விழுக்காட்டளவும் குறைந்தன என அவர்கள் அறிவித்தனர். எனவே, பொறியைக் கண்டு நாம் அஞ்சி ஒளிய வேண்டுவதில்லை.

ஆயினும், எதனைக் குறைக்கச் சொன்னோம் என்பதை மறத்தலாகாது. வண்டியின் காத்திருப்பைக் குறை என்றால், பொறி அதனை மட்டுமே குறைக்கும். ஓரத்தில் கோலூன்றி நிற்கும் முதியவரின் காத்திருப்பை எண்ணச் சொல்லாவிடின், அவர் எத்தனை மணி நின்றாலும் அதற்குக் கவலையில்லை. இன்னொரு கண்ணியும் உண்டு. கம்பத்திலுள்ள சிறு கணிப்பொறியில் பெருவலை இடங்கொள்ளாது. ஆகவே எடைகளைக் குறுக்கியும், பயன் குறைந்த கண்ணிகளை வெட்டியும் வலையைச் சுருக்குவர். அங்ஙனஞ் சுருக்குங்கால் இழப்பு எல்லா வகைக்கும் ஒப்ப வருவதில்லை. எடுத்துக்காட்டுக் குறைந்த அரிய வகைகளே மிகுதியும் தாக்குறும் என ஆய்வுகள் காட்டியுள்ளன. மகிழுந்தை மறவாது, சக்கர நாற்காலியில் வருபவரை மறந்துவிடக்கூடும். மொத்தத்தில் 'நூற்றுக்கு இத்தனை சரி' என்னும் ஒற்றை எண்ணை நம்பி ஏமாறுதல் கூடாது.

டெம்பியோடு பாடம் கற்றனரா? இல்லை. 2023 அக்தோபர் 2-ஆம் நாள் சான் பிரான்சிசுகோ நகரில், வேறொரு மகிழுந்து மோதித் தூக்கியெறிந்த பெண் ஒருவர், குரூசு குழுமத்தின் ஓட்டுநரில்லா வண்டியின்முன் விழுந்தார். அதுவும் மோதி நின்றது. பின், நேர்ந்தது பக்கவாட்டு மோதல் என்று தவறாகப் பெயரிட்டு, ஓரங்கட்ட முனைந்து, அடியிற் கிடந்த அவரை 6 மீட்டர் அளவு இழுத்துச் சென்றது. மீண்டும் பெயர்ப் பிழை! அத்திங்களிலேயே கலிபோர்னியா மாநிலம் அக்குழுமத்தின் ஒப்புதலை நிறுத்தியது. இந்நேர்ச்சி பற்றிப் பொய்யறிக்கை தந்ததை ஒப்பி, 2024 நவம்பரில் அக்குழுமம் 5 இலக்கம் தாலர் தண்டம் செலுத்த இசைந்தது. பொறி பிழைபட்டது அறியாமையால். குழுமம் மறைத்தது அறிந்தே. இரண்டினுள் எது கொடிது?

ஆகவே, நம் ஊர்ச் சந்திகளில் கண்வைத்த கம்பங்களை நிறுத்த வருவோரிடம், வெளிநாட்டுப் படங்காட்டி விலைபேச வருவோரிடம், நாம் நான்கு கேட்க வேண்டும்.

ஒன்று: இப்பொறி அறிந்த பெயர்கள் எவை? பட்டியலை ஊரறிய வெளியிடுக. நடப்பவர், குழந்தை, ஊன்றுகோலர், தள்ளுவண்டிக்காரர், தானி, மாடு ஆகியன அதில் உண்டா?

இரண்டு: எவ்வூர்த் தெருவில் அதனைப் பழக்கினீர்? நம் தெருவில், நம் இரவில், நம் மழையில் ஆய்ந்து, வகைவகையாய்ப் பிழையளவு காட்டுக.

மூன்று: ஐயம் நேர்ந்தால் அஃது என்ன செய்யும்? ஐயுற்றால் விரைவைக் குறைத்தலே நெறியாகுக. அதன் முடிவுகளை அழியாது பதிந்து வைத்து, நேர்ச்சி நிகழின் பொதுவர் கையில் ஒப்படைக்குக.

நான்கு: பிழைத்தால் பொறுப்பு எவருடையது? கூலிக்கு அமர்ந்தவனைக் காட்டித் தப்ப விடோம். வகுத்தவனும், விற்றவனும், ஒப்புதல் அளித்த அலுவலரும் விடை கூறுக.

இந்நான்கையும் கேட்பதற்குப் பொறியியற் பட்டம் வேண்டுவதில்லை. ஊராட்சிக் கூட்டத்தில் எழுந்து நிற்கும் துணிவும், தாய்மொழியில் வினவும் தெளிவும் போதும். அவர்கள் விளங்காத சொற்களை அடுக்கி நம் வாயடைக்க முயல்வர். "ஐயா, இருளில் ஓர் உருவம் தோன்றினால் உம் பொறி அதனைக் குற்றியென்று கொள்ளுமா, மாந்தனென்று கொள்ளுமா?" என்று கேளுங்கள். அதற்கு விடையில்லாதவன் பொறியை நம் தெருவில் நடுவதற்கு உரியனல்லன்.

தெரு நடப்பவர்க்கே முதலுரிமை. வண்டிகள் தோன்றுமுன் மாந்தன் நடந்தான், அவன் அடி பட்ட தடமே வழியாயிற்று, வழியே சாலையாயிற்று. அச்சாலையில் அவனுக்குப் பெயரில்லை என்று எந்தப் பொறியும் சொல்ல விடலாகாது!